வீட்டில் குளியல் தொட்டி: வாங்கும் முன்பும் பொருத்தும்போதும் அறிய வேண்டியவை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மருந்து, உணவு, மறுபரிசோதனை ஆகியவற்றைப் பற்றியவையாகவே இருக்கின்றன. குளியலறையைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், வீடு திரும்பிய நோயாளி நாள்தோறும் ஈரத் தரையில், வெறுங்காலுடன், பெரும்பாலும் தனியாக, தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருக்கும் இடம் அதுவே. பல மணி நேர அறுவை சிகிச்சையாலும் பல வார உடற்பயிற்சியாலும் பெற்ற நலத்தை அங்கே நேரும் ஒரே ஒரு சறுக்கல் இல்லாமற் செய்துவிடக்கூடும்.

நம் வீடுகளில் வாளியும் குவளையும் கொண்டு குளிப்பதே வழக்கம். எனினும், அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் குளியல் தொட்டி முன்னரே பொருத்தப்பட்டிருக்கிறது. மூட்டுவலியால் வருந்தும் தாய்க்கோ தந்தைக்கோ வெந்நீரில் அமர்ந்திருப்பது இதமளிக்கும் என்ற அன்பினால், புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்த விரும்பும் பிள்ளைகளும் உண்டு. அவ்விருப்பம் தவறன்று. இளஞ்சூடான நீர் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தும்; நீர் உடலைத் தாங்குவதால் மூட்டுகளின்மீதுள்ள சுமையும் குறையும். ஆனால், தொட்டியின் நன்மை நீருக்குள் இருக்கும் நேரத்தில் கிடைப்பது. அதன் ஆபத்து உள்ளே இறங்கும்போதும் வெளியே ஏறும்போதும் நேர்வது. ஆகவே, தொட்டியின் அழகையும் விலையையும் பார்ப்பதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும்.

தொட்டி உண்மையில் தேவையா?

தொட்டிக் குளியலுக்கு மூன்று திறன்கள் வேண்டும். ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள விளிம்பின்மீது ஒரு காலைத் தூக்கிக் கடக்கும்போது மற்றொரு காலில் நிலையாக நிற்க வேண்டும். தரைமட்டத்திற்குச் சற்று மேலே உள்ள தொட்டியின் அடிப்பகுதியில் மெல்ல அமர வேண்டும். குளித்து முடித்தபின், ஈரமான உடலோடு அங்கிருந்து எழுந்து மீண்டும் விளிம்பைக் கடக்க வேண்டும். இவற்றுள் மூன்றாவதே கடினமானது. அமர முடிந்தவர் எல்லாராலும் எழ முடிவதில்லை.

எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து, கைகளை ஊன்றாமல் எழ இயலாதவர், தொட்டியின் அடியிலிருந்து தாமாக எழ இயலாது என்றே கொள்ள வேண்டும். நாற்காலியிலிருந்து எளிதாக எழுபவரும் நீரற்ற, உலர்ந்த தொட்டியில், ஆடை அணிந்த நிலையில், ஒருவர் அருகில் நிற்க, இறங்கி ஏறிப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். கடைக்கு நோயாளியையும் அழைத்துச் சென்று காட்சிக்கு வைத்திருக்கும் தொட்டியில் அமர்ந்து பார்க்கச் செய்வதில் வெட்கத்திற்கு இடமில்லை. அங்கே எழ முடியாதவர் வீட்டில் எழுவார் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

மூலநோய்க்காகவோ மகப்பேற்றுக்குப் பிந்தைய தையல் வலிக்காகவோ மருத்துவர் இடுப்புக் குளியல் பரிந்துரைத்திருந்தால், அதற்குப் பெரிய தொட்டி தேவையில்லை. மேற்கத்தியக் கழிப்பறை இருக்கையின்மீது பொருத்தக்கூடிய அகன்ற பிளாஸ்டிக் கிண்ணமே போதுமானது. அது மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

யார் மருத்துவரைக் கேளாமல் தொட்டியில் அமரக்கூடாது?

கீழ்க்காணும் நிலையில் உள்ளவர்கள், சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் இசைவின்றித் தொட்டி நீரில் அமர்வதைத் தவிர்க்க வேண்டும்.

• அறுவை சிகிச்சைப் புண் முழுமையாக ஆறாதவர்கள். நீரில் ஊறும் புண்ணில் தொற்று ஏற்படக்கூடும்.

• இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். தாழ்ந்த இடத்தில் அமரும்போது இடுப்பு அளவுக்கு மீறி மடங்குவதால், புதிய மூட்டு விலகும் வாய்ப்பு உண்டு.

• இரத்தச் சுத்திகரிப்புக்காகவோ மருந்து செலுத்துவதற்காகவோ கழுத்திலோ மார்பிலோ குழாய் பொருத்தப்பட்டவர்கள். வயிற்றில் சுத்திகரிப்புக் குழாய் உள்ளவர்கள்.

• வலிப்பு நோய் உள்ளவர்கள். வலிப்பு தாக்கும் நேரத்தில் தொட்டியில் சிறிதளவு நீர் இருந்தாலும் மூழ்கிவிடும் அபாயம் உண்டு. இவர்களுக்குத் தாழாத நாற்காலியில் அமர்ந்து தூவுகுழாயில் குளிப்பதே ஏற்றது. கதவையும் உள்ளே தாழிடக்கூடாது.

• இதயச் செயலிழப்பு உள்ளவர்கள். மார்பளவு நீரில் அமரும்போது, நீரின் அழுத்தத்தால் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தம் மார்பை நோக்கித் தள்ளப்படுகிறது. தளர்ந்த இதயத்திற்கு அது கூடுதல் சுமை.

• நீரிழிவினால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களும், பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும். இவர்களுக்குச் சூட்டின் அளவு தெரியாது. தோல் வெந்த பிறகும் வலி தோன்றாமல் இருக்கலாம்.

எத்தகைய தொட்டியைத் தேர்ந்தெடுப்பது?

மருத்துவர் இசைவளித்து, ஒத்திகையிலும் இடர் ஏதும் இல்லையெனில், அடுத்தது தொட்டியின் அளவு. சந்தையில் பரவலாகக் கிடைப்பவை ஏறத்தாழ 1,500 முதல் 1,700 மி.மீ. நீளமும் 700 முதல் 750 மி.மீ. அகலமும் உடையவை. நோயாளிக்கென வாங்கும்போது நீளத்தைவிட விளிம்பின் உயரமே முதன்மையானது. நாற்காலி இருக்கையின் உயரமான 45 செ.மீ. அளவில் விளிம்பு இருந்தால், அதன்மீது பொருத்தும் பலகையில் அமர்ந்து கால்களை உள்ளே கொண்டுசெல்வது எளிது. விளிம்பு உயர உயரக் காலைத் தூக்கும் துன்பமும் கூடும்.

அடிப்பகுதி தட்டையாகவும் வழுக்காத சொரசொரப்புடனும் இருக்க வேண்டும். மிக நீண்ட தொட்டியில் கால் எதிர்ச்சுவரைத் தொடாது. அதனால் உடல் நீருக்குள் வழுக்கிச் செல்லும். அமர்ந்தவரின் பாதம் எதிர்ப்பக்கத்தை ஊன்றும் அளவே பாதுகாப்பானது.

பக்கவாட்டில் கதவுள்ள தொட்டிகளும் கிடைக்கின்றன. அவற்றில் உயரமான விளிம்பைக் கடக்க வேண்டியதில்லை. உள்ளேயே இருக்கையும் இருக்கும். ஆனால், ஒன்றை மறந்துவிடக்கூடாது. ஒருவர் உள்ளே அமர்ந்து கதவை மூடிய பிறகே நீரை நிரப்ப முடியும்; நீர் முழுவதும் வடிந்த பிறகே கதவைத் திறக்க முடியும். அதுவரை அவர் ஈர உடலோடு காத்திருக்க வேண்டும். சிறுநீரை அடக்க இயலாதவர்களுக்கும், குளிர் தாங்காத முதியவர்களுக்கும் இது துன்பம் தரும்.

பொருத்துவதற்கு முன்

முதலில் தளத்தின் வலிமை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. தொட்டியில் 150 லிட்டர் நீரும், 65 கிலோ எடையுள்ள ஒருவரும், தொட்டியின் எடையாக 35 கிலோவும் சேர்ந்தால் 250 கிலோ ஆகிறது. அது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் இறங்குகிறது. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. அறையின் பிற பகுதிகள் காலியாக இருப்பதால் பெரும்பாலும் இடர் நேராது எனினும், பழைய கட்டடங்களிலும் மாடிகளிலும் கட்டுமானப் பொறியாளரைக் கேட்டறிந்தே பொருத்த வேண்டும். வார்ப்பிரும்புத் தொட்டிகள் மிகக் கனமானவை. அக்ரிலிக் தொட்டிகள் இலகுவானவை.

இரண்டாவது, நீர்க்கசிவு. தொட்டியின் அடியிலும் சுற்றிலும் நீர்புகாப் பூச்சு இட்ட பிறகே தொட்டியை இறக்க வேண்டும். பூச்சு உலர்ந்ததும் அவ்விடத்தில் நீரைத் தேக்கி ஒரு நாள் முழுவதும் வைத்திருந்து, கீழ்த்தளத்தில் கசிவு உள்ளதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். வடிகாலை எட்டித் துப்புரவு செய்யத் தொட்டியின் பக்கவாட்டில் சிறு திறப்பு ஒன்று இருத்தல் வேண்டும். அது இல்லையெனில், அடைப்பு ஏற்படும் நாளில் டைல்களை உடைக்க நேரிடும்.

மூன்றாவது, மின்சாரம். குளியலறைக்குச் செல்லும் மின்னிணைப்பில் 30 மில்லி ஆம்பியர் அளவிலான மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். மின்பணியாளர்கள் இதனை ஆர்.சி.சி.பி. என்பர். தொட்டியில் இருப்பவர் கைநீட்டினால் எட்டும் தொலைவில் சுவிட்சோ பிளக் செருகும் இடமோ இருக்கலாகாது. வாளி நீரைக் காய்ச்சும் மின்கம்பியைத் தொட்டி நீருக்குள் ஒருபோதும் இடக்கூடாது. எரிவாயு கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் பொருத்தலாகாது. அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை; குளிப்பவர் அறியாமலே மயங்கிவிடுவார்.

நான்காவது, கைப்பிடிக் கம்பிகள். துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடி ஆகாது. உடலின் எடை விழுந்தால் அது பெயர்ந்துவிடும். ரப்பர் உறிஞ்சிகளால் டைலில் ஒட்டும் கைப்பிடிகளையும் நம்பலாகாது. 32 முதல் 40 மி.மீ. வரை விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்த வேண்டும். கம்பிக்கும் சுவருக்கும் இடையே விரல்கள் நுழையுமளவு, ஏறத்தாழ 40 மி.மீ., இடைவெளி இருப்பது நலம். ஒரு கம்பி தொட்டிக்குள் இறங்கும் இடத்தில் செங்குத்தாகவும், மற்றொன்று உள்ளே அமர்ந்தவர் பற்றி எழும் உயரத்தில் கிடையாகவும் அமைய வேண்டும். சரியான உயரத்தைப் பொதுவான அட்டவணையிலிருந்து எடுக்காமல், நோயாளியை உலர்ந்த தொட்டியில் அமரச் செய்து, அவர் கை இயல்பாக எட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு பொருத்துங்கள். பக்கவாதம் கண்டவரெனில், வலுவான கையின் பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும்.

இறுதியாக, கதவு. குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொண்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியிலிருப்பவரால் திறக்க இயலாது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளே பொருத்தமானது.

நீரின் சூடு

வீட்டில் உள்ள கீசர்கள் பலவற்றில் நீர் 60 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சூடேறும். 60 டிகிரி நீர் பட்டால், ஏறத்தாழ 5 விநாடிகளில் ஆழமான தீப்புண் உண்டாகும். முதியவர்களின் தோலும் குழந்தைகளின் தோலும் மெல்லியவை. அவற்றுக்கு இன்னும் குறைந்த நேரமே போதும். ஆகவே, எப்போதும் முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் விடுங்கள். நிரப்பி முடித்ததும் நன்றாகக் கலக்கிய பின்னரே சூட்டைப் பாருங்கள். பொருத்தமான சூடு 37 முதல் 38 டிகிரி வரை. நீர் வெப்பமானி விலை மிகுந்ததன்று. அது இல்லாதபோது, உணர்ச்சி குன்றாத ஒருவர் தம் முழங்கையை நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். நீரிழிவாளர் தம் பாதத்தை வைத்துச் சோதிப்பது ஆபத்தானது. நோயாளி உள்ளே இருக்கும்போது வெந்நீர்க் குழாயைத் திறக்கவே கூடாது.

சூடு தோலை மட்டும் தாக்குவதில்லை. வெந்நீரில் அமரும்போது இரத்த நாளங்கள் விரிந்து இரத்த அழுத்தம் தாழ்கிறது. அந்நிலையில் சட்டென எழுந்தால் தலைசுற்றல் உண்டாகும். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். தொட்டிக் குளியல் அன்றாட வழக்கமாக உள்ள ஜப்பானில், குளிர்காலத்தில் முதியோர் தொட்டியிலேயே உயிரிழப்பது அரசே எச்சரிக்கை விடுக்கும் அளவுக்குப் பெரிய சிக்கலாக உள்ளது. நீர் 41 டிகிரியைத் தாண்டக்கூடாது, 10 நிமிடங்களுக்கு மேல் அமரக்கூடாது, மெல்ல எழ வேண்டும், உணவு உண்டவுடனும் மது அருந்திய பின்னும் குளிக்கக்கூடாது, குளிக்கச் செல்வதை வீட்டில் உள்ளவரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும் என்பவை அங்கு மக்களுக்குக் கூறப்படும் அறிவுரைகள். அவை நமக்கும் பொருந்தும்.

இறங்குவதும் எழுவதும்

நின்றபடி விளிம்பைக் கடப்பதைவிட, அமர்ந்து கடப்பதே பாதுகாப்பானது. இதற்கெனத் தொட்டியின் குறுக்கே வைக்கும் பலகையும், இரு கால்கள் தொட்டிக்கு உள்ளேயும் இரு கால்கள் வெளியேயும் நிற்கும் நீள இருக்கையும் கிடைக்கின்றன. நோயாளி வெளியே உள்ள பகுதியில் முதலில் அமர்கிறார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை அடுத்து மறு காலை உள்ளே எடுத்து வைக்கிறார். பிறகு இருக்கையிலேயே நகர்ந்து நடுவுக்கு வருகிறார். அந்த இருக்கையிலிருந்தபடியே கையில் பிடிக்கும் தூவுகுழாயால் குளிக்கலாம். தொட்டியின் அடியில் இறங்கி அமர வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அடியில் அமர்ந்து குளிப்பவர், எழுவதற்கு முன் அடைப்பானை எடுத்து நீர் முழுவதையும் வடியவிட வேண்டும். இரண்டு நிமிடங்கள் அப்படியே அமர்ந்திருந்து, தலைசுற்றல் இல்லை என உறுதி செய்த பிறகே எழ வேண்டும். தொட்டிக்குள்ளும் வெளியேயும் வழுக்காத ரப்பர் விரிப்பு இருக்கட்டும். துண்டும் மாற்றுடையும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். வெளியே வந்ததும் நாற்காலியில் அமர்ந்தே துவட்டிக்கொள்வது நலம்.

எண்ணெய்க் குளியலுக்குத் தொட்டி ஏற்றதன்று. எண்ணெயும் சீயக்காய்க் கரைசலும் தொட்டியின் அடியில் படிந்து, நிற்கவே இயலாதபடி வழுக்கும். வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை விட மனமில்லாத முதியவர், தலையில் மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து குளிக்கலாம். உள்ளங்காலில் எண்ணெய் தடவலாகாது. குளியல் முடிந்ததும், அடுத்தவர் உள்ளே செல்லும் முன், தரையைச் சோப்புத்தூள் இட்டுக் கழுவிவிட வேண்டும்.

உடனிருந்து உதவுபவருக்கு

தாயைக் குளிப்பாட்டும் மகனும் மாமனாருக்கு உதவும் மருமகளும் முதலில் எதிர்கொள்வது வெட்கம். அந்த வெட்கத்தால்தான் முதியவர்கள் பலர் 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று கதவைத் தாழிட்டுக்கொள்கின்றனர். அவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மேலே போர்த்திக்கொண்டே குளிக்கச் செய்யுங்கள். கைக்கு எட்டும் இடங்களை அவரே தேய்த்துக்கொள்ளட்டும். முதுகுக்கும் கால்களுக்கும் மட்டும் உதவுங்கள். உதவி தேவைப்படாத நேரத்தில், கதவைச் சற்றே திறந்து வைத்து வெளியில் நின்றபடி பேசிக்கொண்டிருங்கள். அழைக்க ஒரு மணியை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடலாம்.

தொட்டியில் அமர்ந்திருப்பவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்க முயலாதீர்கள். ஈரமான உடல் கைநழுவும். நோயாளியின் தோள் விலகவும், தூக்குபவரின் முதுகெலும்பு பாதிக்கப்படவும் கூடும். அவரால் எழ இயலவில்லையெனில், நீரை வடித்துவிட்டு, உலர்ந்த துண்டால் போர்த்தி, மேலும் ஒருவரை உதவிக்கு அழையுங்கள்.

மயங்கிய நிலையில் கண்டால், முதலில் முகத்தை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, அடைப்பானை எடுத்துவிடுங்கள். உதவிக்குக் குரல் கொடுத்து, 108 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தவர் இடுப்பிலோ கழுத்திலோ கடும் வலி இருப்பதாகச் சொன்னால், அவரை எழுப்பி நடக்கவைக்க வேண்டாம். போர்த்தி, அசையாமல் வைத்திருந்து ஆம்புலன்சுக்குக் காத்திருங்கள்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், பயன்படுத்திய உடனே தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். தவழும் குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குல நீரே போதும். நீர் நிரம்பிய வாளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தொட்டி இல்லாத வீட்டில்

தொட்டி பொருத்த இயலாத குடும்பத்தினர் குறையென வருந்த வேண்டியதில்லை. முதுகு சாயும் வசதியும் கைப்பிடியும் ரப்பர் அடியும் உள்ள உறுதியான குளியல் நாற்காலி, கையில் பிடிக்கும் தூவுகுழாய், சுவரில் இரண்டு கம்பிகள், வழுக்காத விரிப்பு ஆகியவை நோயாளிகள் பெரும்பாலோருக்குத் தொட்டியைவிட ஏற்றவை. தூவுகுழாய் இல்லையெனில், வாளியைத் தரையில் வைக்காமல் முக்காலியின்மீது இருக்கை உயரத்திற்கு வையுங்கள். குனிந்து நீர் மொள்ளும்போதுதான் பலர் நிலைதடுமாறுகின்றனர். எளிதில் சாயும் இலேசான பிளாஸ்டிக் முக்காலியில் நோயாளியை அமரவைக்காதீர்கள்.

வீடு திரும்பும் நாளுக்கு முன்பே, குளியலறையின் நீள அகலம், கதவின் அகலம், படியின் உயரம், தொட்டி இருப்பின் அதன் விளிம்பு உயரம் ஆகியவற்றை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து வாருங்கள். அவற்றை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் காட்டினால், எங்கே கம்பி வேண்டும், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும், எவ்வாறு எழ வேண்டும் என்பதை மருத்துவமனையிலேயே நோயாளிக்குப் பழக்கிவிடுவார். வீட்டில் முதல் குளியல் நடப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டிய பணி இது.